கணைய நோயும் ஊரார் தீர்ப்பும்

ஒருவனுக்குக் கணையத்தில் நாட்பட்ட அழற்சி கண்டிருக்கிறது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்துவிட்டால், உற்றார் உறவினர் அதற்குமேல் விசாரணை எதுவும் வேண்டுவதில்லை. "எத்தனை வருஷமாய்க் குடிக்கிறான்?" என்பதே அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, பெரும்பாலும் அதுவே கடைசிக் கேள்வியுமாகும். அவன் குடிப்பதில்லை என்று மனைவி சொன்னால், அவளுக்குத் தெரியாமல் குடிக்கிறான் என்பார்கள். அவனே சத்தியம் செய்தால், குடிகாரன் சத்தியத்திற்கு மதிப்பேது என்பார்கள். சாக்ஷியின்றி, வாதமின்றி, எதிர்வாதத்திற்கு இடமுமின்றி ஒரு மனிதன்மீது தீர்ப்புக் கூறப்பட்டுவிடுகிறது. நியாயஸ்தலங்களில் பழகிய நமக்கு இந்த முறை சிறிதும் சம்மதமன்று.

மதுபானத்திற்காக நாம் பரிந்து பேச வரவில்லை. கள்ளுக்கும் சாராயத்திற்கும் இப்பத்திரிகை ஒருநாளும் நட்புப் பாராட்டியதில்லை. கணையத்தைக் கெடுப்பனவாக அறியப்பட்ட காரணங்களுள் மது முதல் வரிசையில் நிற்கிறது என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும் உண்மை எந்தக் கட்சிக்கும் உறவன்று. 2008-ம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் 1,086 நோயாளிகளைப் பற்றிய விவரங்கள் திரட்டப்பட்டன. அவர்களில் மதுவினால் நோயுற்றவர் நூற்றுக்கு 39 பேருக்குச் சற்றுக் குறைவு. காரணம் இன்னதென்று கண்டுபிடிக்க இயலாதவரோ நூற்றுக்கு 60 பேர். மறுபுறம், மிதமிஞ்சிக் குடிப்பவர்களை எடுத்துக்கொண்டாலும், அவர்களில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களுக்கே இந்த வியாதி வருகிறது. குடித்தவனுக்கெல்லாம் வருவதுமில்லை; வந்தவனெல்லாம் குடித்தவனுமல்லன். இப்படியிருக்க, ஊரார் தீர்ப்புக்கு ஆதாரம் யாது?

இது மானாபிமானத்தைப் பற்றிய விஷயம் மட்டுமாயின், நாம் இத்தனை பத்திகளைச் செலவிட மாட்டோம். அந்தத் தீர்ப்பு நோயாளியின் உயிரையே தீண்டுகிறது. பழிக்கு அஞ்சி ஆண்மகன் வலியை மறைக்கிறான். பெண்களுக்கு இந்நோய் வரக்கூடும் என்ற நினைவே எவருக்கும் எழுவதில்லை. அவர்களுடைய வயிற்று வலிக்குக் குன்மம் என்றோ, கர்ப்பப்பைக் கோளாறு என்றோ, மாமியார் மருமகள் மனஸ்தாபம் என்றோ ஒரு பெயர் எளிதில் கிடைத்துவிடுகிறது. பத்து வயதுப் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டால், பள்ளிக்கூடம் போகாதிருக்கச் செய்யும் பாசாங்கு என்று முதுகில் இரண்டு அறை விழுகிறது. இவ்விதமாய் வருஷங்கள் கழிகின்றன. கணையத்தில் அந்த வருஷங்களில் அழிந்தது திரும்பி வளர்வதில்லை.

கணையம் என்பது யாது என்பதை நேயர்களுக்குச் சுருக்கமாய்ச் சொல்ல வேண்டும். இரைப்பைக்குப் பின்புறம், முதுகெலும்பின்மீது குறுக்காகச் சாய்ந்து, ஏறக்குறைய ஆறங்குல நீளமுள்ள ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்கு இரண்டு உத்தியோகங்கள். முதலாவது, நாள்தோறும் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ஜீரண ரஸத்தைச் சுரந்து ஒரு நாளத்தின் வழியாய்ச் சிறுகுடலுக்கு அனுப்புவது. சோற்றின் மாவையும், பருப்பின் புரதத்தையும், நெய்யின் கொழுப்பையும் உடைப்பவை அந்த ரஸத்திலுள்ள என்சைம்களே. இரண்டாவது, இன்ஸுலினையும் வேறு சில ரஸங்களையும் நேரே இரத்தத்தில் கலந்து சர்க்கரையை அளவில் நிறுத்துவது. 1869-ல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் கணையத்தினுள் தீவுகள்போல் சிதறிக் கிடக்கும் நுண்ணிய கூட்டங்களைக் கண்டார். அத்தீவுகளே இன்ஸுலினுக்குப் பிறப்பிடம் என்பது பின்னர் விளங்கியது.

மாமிசத்தையே கரைக்கவல்ல ரஸம், தன்னைச் சுரக்கும் உறுப்பை எவ்வாறு கரைக்காமல் விடுகிறது? கணையம் அந்த ரஸத்தை உறையிலிட்ட வாளாகவே வெளியனுப்புகிறது. சிறுகுடலை அடைந்த பிறகே வாள் உறையினின்றும் உருவப்படுகிறது. வழியிலேயே ஒன்றிரண்டு உருவிக்கொண்டால், அவற்றை மடக்கிப் பிடிக்கக் காவற் புரதம் ஒன்றும் கணையத்திலேயே இருக்கிறது. இந்த ஏற்பாடு தவறும்போது கணையம் தன்னைத் தானே தின்னத் தொடங்குகிறது. ஒருமுறை சடுதியில் நேர்ந்து ஆறிவிட்டால் அது திடீர் அழற்சி. மீண்டும் மீண்டும் நேர்ந்து, மெல்லிய திசு தழும்பேறி, நாளம் சில இடங்களில் சுருங்கியும் சில இடங்களில் வீங்கியும், அதனுள் சுண்ணாம்புக் கற்கள் படிந்தும் போவதே நாட்பட்ட அழற்சி.

இந்த வியாதிக்கும் தென்னாட்டிற்கும் நெடுநாளைய சம்பந்தம் உண்டு. 1959-ம் வருஷத்தில் சூய்டெமா என்ற டச்சு வைத்தியர், இந்தோனேஷியாவின் ஏழை மக்களிடத்தில் கணையக் கற்களோடு கூடிய நீரிழிவைக் கண்டு எழுதினார். அதே நோய் கேரளத்தில் ஏராளமாய் இருப்பதை டாக்டர் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் ஆராய்ந்து, 1968-ல் தனி நூலாகவே வெளியிட்டார். மதுவை முகர்ந்தும் அறியாத ஏழைச் சிறுவர்க்கு வயிற்று வலி. வாலிபத்தின் வாயிலில் நீரிழிவு. குடும்பத்தைத் தாங்க வேண்டிய பருவத்தில் மரணம். அந்நாளில் அவர்களுடைய ஆயுட்கணக்கு இவ்வளவே. தமிழ்நாட்டு வைத்தியர்களும் இத்தகைய நோயாளிகளைக் கண்டு எழுதினார்கள். உலகத்தின் பாடப் புஸ்தகங்கள் கணைய அழற்சியைக் குடிகாரர் வியாதி என்று எழுதிக்கொண்டிருந்த காலத்தில், நமது வைத்தியர்கள் தங்கள் கண்ணெதிரே இருந்த குழந்தைகளைப் பார்த்து வேறு விதமாய்ச் சொன்னார்கள் என்பது நினைவில் வைக்கத் தக்கது.

அடுத்தபடியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது மரவள்ளிக் கிழங்கு. 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்துக்கொண்டதும் அரிசி வரத்து நின்றுபோக, திருவிதாங்கூர் ஏழைகள் அந்தக் கிழங்கினாலேயே உயிர் தரித்தார்கள். அதில் ஸயனைட் விஷத்தை விளைவிக்கும் சத்து உண்டு. புரதம் போதிய அளவு உண்பவன் உடம்பு அதை முறித்துவிடும். கிழங்கைத் தவிர வேறு ஆகாரமில்லாதவனுக்கு அச்சக்தி குறையும். ஆகவே கணையத்தைக் கெடுத்தது மரவள்ளியே என்று 1970-களில் வாதிக்கப்பட்டது. வாதம் அழகாய்த்தான் இருந்தது; சாக்ஷிகள் அதற்கு ஒத்துவரவில்லை. மரவள்ளியைத் தொடாத பிரதேசங்களிலும் அதே நோய் காணப்பட்டது. அதையே தினசரி ஆகாரமாகக் கொண்ட ஆப்பிரிக்கப் பகுதிகள் பலவற்றில் அந்நோய் அவ்வளவாய்க் காணப்படவில்லை. இன்று அந்தக் கட்சிக்கு ஆதரவாளர் அரிது.

புதிய வெளிச்சம் பரம்பரை ஆராய்ச்சியிலிருந்து வந்தது. தலைமுறை தலைமுறையாய்க் கணைய நோய் வரும் குடும்பங்களில், மேற்சொன்ன வாள் தானே உருவிக்கொள்ளும்படி செய்யும் ஜீன் மாறுதல் ஒன்று 1996-ல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. 2000-ம் வருஷத்தில் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் காவற் புரதத்திற்குரிய 'ஸ்பிங்க்-1' என்ற ஜீனில் ஒரு மாறுதலைக் கண்டார்கள். 2002-ல் ஐதராபாத்திலுள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்தவர்கள் நமது நாட்டுக் கணையக் கல் நோயாளிகளைப் பரீக்ஷித்து, அந்தக் காவலனின் பழுது அவர்களிடம் மிகுதி என்பதைக் காட்டினார்கள். நோயற்றவர்களில் நூற்றுக்கு மிகச் சிலரிடத்தே காணப்படும் இம்மாறுதல், இந்நோயாளிகளில் மூவரில் ஒருவரிடம் என்னும் அளவுக்குக் காணப்படுகிறது. ஜீன் ஒன்றே நோயை உண்டாக்கிவிடும் என்று சொல்வதற்கில்லை. அம்மாறுதலோடு ஆயுள் முழுவதும் நலமாய் வாழ்வோர் பலர். பிறவிக் குறையோடு வேறு காரணங்களும் சேரும்போது வியாதி தலைகாட்டுகிறது என்பதே இன்றைய வைத்தியர்களின் அபிப்பிராயம். குடித்தவனுக்கெல்லாம் ஏன் வருவதில்லை என்ற கேள்விக்கும் விடை ஓரளவு இதிலேயே அடங்கியிருக்கிறது.

மதுவின்மீதே எல்லாக் கண்களும் நிலைத்திருந்ததால் தப்பித்துக்கொண்ட குற்றவாளி ஒன்று உண்டு. அது புகையிலை. குடிப்பவர் பெரும்பாலும் புகைப்பவராகவும் இருந்தபடியால், பழி முழுவதும் புட்டியின்மேல் விழுந்தது. மதுவைத் தொடாதவனுக்கும் புகை தனித்து நின்று கணையத்தைக் கெடுக்கும் என்பதும், புகை மிகுந்தால் ஆபத்தும் மிகும் என்பதும் இப்போது ஐயமற விளங்கியிருக்கின்றன. பொதுக்கூட்டத்தில் மதுவை வாயார வைதுவிட்டு, மேடையைவிட்டு இறங்கியதும் பீடிக்கு நெருப்புக் கேட்கும் நமது அன்பர்கள் இதைச் சற்றுக் கவனிப்பார்களாக!

இனி நோயின் குறிகள். மேல் வயிற்றில் தோன்றி முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போவதுபோன்ற வலி பிரதானமானது. உண்டபின் அதிகரிக்கும், முன்னே குனிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டால் சற்றுத் தணியும். சூலை என்ற பெயரை நாவுக்கரசர் சரித்திரத்தின் மூலம் அறியாத தமிழர் இலர். அப்பெயரைக் கொண்டே நம் முன்னோர் இத்தகைய வலிகளைக் குறித்தார்கள். எல்லார்க்கும் வலி இருக்குமென்றும் நினைக்கலாகாது. வலியே இல்லாமல் சிலர்க்குக் கணையம் அழிகிறது. உடம்பு இளைத்துக்கொண்டே போதல், மலம் வெளுத்து, எண்ணெய்ப் பசையோடு துர்நாற்றமுடையதாய், தண்ணீரில் மிதப்பதாய்க் கழிதல், மெலிந்த தேகத்தில் திடீரென்று நீரிழிவு தோன்றுதல் ஆகியவை பிற குறிகள். கொழுப்பு இவ்வாறு வெளிப்படையாய்க் கழியத் தொடங்கும்போது, கணையத்தின் சுரக்கும் சக்தியில் பத்தில் ஒன்பது பங்கு ஏற்கெனவே போய்விட்டிருக்கும். அத்தனை நாள் காத்திருப்பது விவேகமன்று.

பரீக்ஷை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இரத்தத்தில் அமிலேஸ், லைபேஸ் என்பவற்றின் அளவு சரியாயிருக்கிறது என்று சீட்டு வந்துவிட்டால், கணையத்தில் குறையில்லை என்று பலர் வீடு திரும்பிவிடுகிறார்கள். அவை உயர்வது திடீர் அழற்சியில். நாட்பட்ட நோயில் சுரக்கும் திசுவே அழிந்துவிடுவதால் அவை சாதாரண அளவிலேயே இருக்கக்கூடும். வயிற்றின்மேல் வைத்துப் பார்க்கும் அல்ட்ராஸவுண்டும் ஆரம்ப நிலையில் தவறவிடும். ஸி.டி. ஸ்கான் கற்களைத் தெளிவாய்க் காட்டும், எம்.ஆர்.ஐ. நாளத்தின் போக்கைக் காட்டும்; சந்தேகம் நீடித்தால் தொண்டை வழியாய்க் குழாயைச் செலுத்தி உள்ளிருந்தே பார்க்கும் முறையும் உண்டு. மலத்தில் எலாஸ்டேஸ் என்ற பொருளை அளந்து, ஜீரண ரஸம் எவ்வளவு குறைந்திருக்கிறதென்று அறியலாம்.

சிகிச்சையில் முதற்படி, மதுவையும் புகையையும் அடியோடு விடுவது. குடியினால் வராத நோயாயினும் இவ்விரண்டும் அதை வேகமாய் வளர்க்கும். இதற்கு விலக்கில்லை.

அடுத்தது ஆகாரம். கணைய நோயாளிக்கு நெய்யில்லை, எண்ணெயில்லை, கஞ்சியே கதி என்று விதிக்கும் வழக்கம் நமது வீடுகளில் இன்னும் மாறவில்லை. முன்பு வைத்தியர்களே அவ்வாறு சொன்னதுண்டு. ஏற்கெனவே இளைத்தவனைப் பட்டினியால் மேலும் இளைக்கச் செய்வது சிகிச்சையாகாது. என்சைம் மருந்தைச் சரியாய் உட்கொண்டு வருபவன் எல்லாரையும்போல் கொழுப்பும் புரதமும் சேர்ந்த ஆகாரத்தையே உண்ணலாம், உண்ணவும் வேண்டும் என்பது இப்போதைய முடிவு. பெருவிருந்தாக ஒரே வேளையில் உண்ணாமல், ஐந்தாறு வேளையாய்ப் பிரித்துக்கொள்வது நலம்.

அந்த மருந்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் மருந்து கையிலிருந்தும் பயன்படாமற் போவது இவ்விடத்திலேதான். என்சைம் மாத்திரை வலிக்கு வைத்தியமன்று. கணையம் செய்யத் தவறிய ஜீரணத்தைச் செய்ய வருவது. ஆகையால் அது சோற்றோடு சேர்ந்தே வயிற்றுக்குள் போக வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்போ பின்போ விழுங்கினால் வீண். முதற் கவளத்தோடு தொடங்கி, மாத்திரைகள் பலவாயின் சாப்பாட்டின் இடையிலும் பிரித்து விழுங்க வேண்டும். மெல்லவோ பொடிக்கவோ கூடாது. வயது வந்தவர்க்குப் பெரிய சாப்பாடு ஒன்றுக்கு லைபேஸ் கணக்கில் 40,000 முதல் 50,000 யூனிட் வரையில் தொடங்குவதும், சிற்றுண்டிக்கு அதில் பாதி கொடுப்பதும் பொது விதி. அவரவர் அளவை வைத்தியரே நிர்ணயிக்க வேண்டும். நாளுக்கு ஒரு சிறு மாத்திரை தின்றுவிட்டு, பலனில்லை என்று கைவிடுபவர்கள் மிகப் பலர். இந்த என்சைம் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. அதனால் முஸ்லிம்களுக்கும் மாமிசம் தொடாதவர்களுக்கும் மனச்சங்கடம் எழுவது இயல்பே. அச்சங்கடத்தை வைத்தியரிடமும், தங்கள் மதப் பெரியோரிடமும் வெளிப்படையாய்ச் சொல்லி முடிவு காண்பது நல்லது. சொல்லாமல் மாத்திரையைக் குப்பையில் எறிவதால், அது பலிக்கவில்லையென்று வைத்தியர் நினைத்து வேறு வழிகளில் அலைய நேரிடுகிறது.

வலிக்கு எளிய மருந்துகளிலிருந்து தொடங்கிப் படிப்படியாய் ஏற வேண்டும். அபின் இனத்து மருந்துகளுக்கு அடிமையாகிவிடும் அபாயம் இந்நோயாளிகளுக்கு உண்டு. ஆண்டி-ஆக்ஸிடண்ட் என்னும் சத்துக்களின் கலவை வலியைக் குறைத்ததாக 2009-ல் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் 127 நோயாளிகளைக் கொண்டு காட்டினார்கள். 2012-ல் இங்கிலாந்தில் நடந்த பரீக்ஷையில் அப்பலன் காணப்படவில்லை. அங்கிருந்தவர்கள் பெரும்பாலும் வயதேறிய குடிகாரர், புகைப்பவர். டில்லியில் இருந்தவர்கள் இளைஞர், குடிக்காதவர் பலர். இரு நாட்டு நோயும் முற்றும் ஒன்றல்ல என்று நினைக்க இடமிருக்கிறது.

நாளத்தைக் கல் அடைத்திருந்தால், வெளியிலிருந்தே ஒலி அலைகளால் அதைத் தூளாக்கும் முறை 1987-ல் ஜெர்மனியில் கணையத்திற்குக் கையாளப்பட்டது. இன்று நமது நாட்டிலும், சிறப்பாய் ஐதராபாத்தில், ஏராளமாய் நடைபெறுகிறது. அப்படியும் தீராத வலிக்கு அறுவை சிகிச்சை உண்டு. கத்தியைக் கடைசி நிமிஷம் வரையில் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம் என்றும், காலப்போக்கில் வலி தானே எரிந்து அடங்கிவிடும் என்றும் ஒரு கொள்கை நெடுநாள் நிலவியது. நெதர்லாந்தில் 88 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2020-ல் வெளியான பரீக்ஷையில், முன்கூட்டியே அறுவை செய்துகொண்டவர்களுக்கே, குழாய் முறையில் தொடங்கியவர்களைவிட வலி குறைந்திருந்தது. எல்லார்க்கும் கத்தி வேண்டுமென்பதில்லை. ஆனால் அறுவை வைத்தியரின் அபிப்பிராயத்தைக் காலத்தோடு கேட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

கணையத்தினால் வரும் நீரிழிவு சாதாரண நீரிழிவன்று. இன்ஸுலின் குறையும்போது, சர்க்கரை தாழாமல் காக்கும் குளூககான் என்ற ரஸமும் கூடவே குறைகிறது. அதனால் இன்ஸுலின் போட்டுக்கொண்டு உண்ணத் தாமதித்தால், சர்க்கரை சடுதியில் விழுந்து மயக்கம் வரும். மயங்கி விழுந்தவனைக் கண்டு, பழையபடி 'குடித்துவிட்டான்' என்று தெருவில் விட்டுச் செல்வோர் உண்டு! விழுங்கும் நிலையிலிருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். நினைவு தவறியிருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். கொழுப்பு சேராததால் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் குறைந்து எலும்பு மெலியும். அதையும் பரீக்ஷித்துக்கொள்ள வேண்டும். நெடுநாள் நோயாளிக்குக் கணையத்தில் புற்று தோன்றும் அபாயம் மற்றவரைவிட அதிகம். அடங்கியிருந்த வலி திரும்பினாலும், மஞ்சள் காமாலை கண்டாலும், காரணமின்றி எடை குறைந்தாலும் தாமதிக்கலாகாது.

கேரளத்தில் ஒருகாலத்தில் வாலிபத்தைத் தாண்டாத நோயாளிகள் இப்போது நடுவயதையும் முதுமையையும் எட்டுகிறார்கள். ஆகாரம் மேம்பட்டதும், இன்ஸுலின் கிடைத்ததும், நோய் முன்னதாகக் கண்டறியப்படுவதுமே இதற்குக் காரணம். ஆனால் என்சைம் மாத்திரை வேளைதோறும், ஆயுள் முழுவதும் வேண்டியிருக்கிறது. கூலிக்காரனுடைய வரும்படிக்கு அது பெருஞ்செலவு. இடையில் நிறுத்தினால் உண்டது ஒட்டாது. உண்டது ஒட்டாவிட்டால் உழைக்க முடியாது. கிராமத்தில் தொண்டு செய்யும் நமது அன்பர்கள், அடிக்கடி வயிற்று வலியால் துடிக்கும் பிள்ளைகளையும் பெண்களையும் ஒருமுறை ஸ்கான் எடுக்க அழைத்துச் செல்லட்டும். ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, இன்ஸுலினோடு கணைய என்சைமும் அங்கே இருப்பில் இருக்கிறதா, ஒரு மாதத்திற்குப் போதிய அளவு சேர்த்துக் கொடுக்கிறார்களா என்று மருந்துச் சாலையில் கேட்டு வரட்டும். இல்லையென்ற பதில் வந்தால், அதை எழுத்து மூலமாய் வாங்கி நமக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறோம்.